15 வருஷத்துக்கு ஒருமுறை போதுமா? சொந்தக் காரும் எஃப்.சி. விவாதமும்

உங்கள் கைபேசியில் எம்பரிவாகன் செயலி இருக்கிறதா? இருந்தால் உங்கள் காரின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவான தேதி, காப்பீடு, புகைச் சான்று எல்லாம் வரிசையாக வரும். அதில் 'ஃபிட்னஸ்' என்று ஒரு வரியும் இருக்கும். 2019-ல் பதிவான சொந்தக் கார் என்றால் அந்த வரிக்கு எதிரே 2034 என்று காட்டும்.

அந்த வருஷம் வரை உங்கள் காரைக் கட்டாயத் தகுதிச் சோதனைக்குக் கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. பிரேக் எப்படி இருக்கு, ஸ்டீயரிங் ஆடுதா, அடிப்பகுதி துரு பிடிச்சிருக்கா என்று பதினைந்து வருஷம் யாரும் முறைப்படி கேட்கப் போவதில்லை.

இது போதுமா? அடிக்கடி சோதனை வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அது மக்களுக்கு வீண் அலைச்சல், வீண் செலவு என்கிறது இன்னொரு தரப்பு. உலகம் முழுக்க நடக்கும் விவாதம் இது. இரண்டு தரப்பும் என்ன சொல்கிறது, நம் ஊர் விதி என்ன, இதில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மஞ்சள் போர்டுக்கு ஒரு கணக்கு, வெள்ளை போர்டுக்கு ஒரு கணக்கு

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வாகனங்களை இரண்டாகப் பிரிக்கிறது. லாரி, பேருந்து, ஆட்டோ, கால் டாக்சி போன்றவை போக்குவரத்து வாகனங்கள். இவற்றுக்குத் தகுதிச் சான்று, அதாவது நாம் எஃப்.சி. என்று சொல்வது, கட்டாயம். சட்டத்தின் 56-வது பிரிவு இதைச் சொல்கிறது. எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வாகனத்தைப் பதிவே செய்யாத வாகனமாகத்தான் சட்டம் பார்க்கும்.

முன்பெல்லாம் இந்த வண்டிகள் முதல் இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். 2018 நவம்பரில் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. இப்போது 8 வயது வரையுள்ள வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை. 8 வயதைத் தாண்டிவிட்டால் ஆண்டுதோறும்.

சொந்தக் கார், பைக், ஸ்கூட்டர் எல்லாம் போக்குவரத்து அல்லாத வாகனங்கள். இவற்றுக்கு 41-வது பிரிவின்படி பதிவு 15 ஆண்டுகள் செல்லும். 15 முடிந்ததும் வண்டியைக் காட்டிச் சோதனையில் தேறினால் மேலும் 5 ஆண்டுகள் கிடைக்கும். அதற்குப் பிறகும் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும்.

ஒரே நாளில் ஒரே ஷோரூமிலிருந்து ஒரே மாடல் கார் இரண்டு வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கால் டாக்சி, இன்னொன்று சொந்த உபயோகம். 15 வயதாவதற்குள் டாக்சி ஏறத்தாழ 10 முறை சோதனைக்குப் போய்வந்திருக்கும். சொந்தக் கார் ஒருமுறைகூடப் போயிருக்காது. டாக்சி கூடுதலாக ஓடும், காசு கொடுத்து ஏறும் பயணிக்கு அது பொறுப்பு என்பது நியாயமான காரணம்தான். ஆனால் தினமும் புறநகரிலிருந்து நகரத்துக்கு அலுவலகம் போய் வரும் சொந்தக் காரும் குறைவாக ஓடுவதில்லையே!

"அதான் எமிஷன் டெஸ்ட் எடுக்கிறோமே" என்று சிலர் கேட்பார்கள். பி.எஸ்.4 மற்றும் அதற்குப் பிந்தைய தரத்தில் வந்த வண்டிகளுக்குப் புகைச் சான்று ஓராண்டு செல்லும்; பழைய தர வண்டிகளுக்கு 6 மாதம். ஆனால் அது பார்ப்பது புகையை மட்டும்தான். பிரேக் பேட் முழுக்கத் தேய்ந்த காருக்கும் அந்தச் சான்று கிடைத்துவிடும்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டன்: அங்கே எம்.ஓ.டி. சோதனை 1960-ல் தொடங்கியது. முதலில் 10 வயதான வண்டிகளுக்கு மட்டும். சோதனைக்கு வந்த வண்டிகளில் ஏகப்பட்டவை தேறாமல் போகவே, அடுத்த ஆண்டே 10 என்பது 7 ஆனது. 1967-ல் 3 ஆனது. இன்றும் பிரிட்டனின் பெரும்பகுதியில் கார் 3 வயதை எட்டியதும் ஆண்டுதோறும் சோதனை. 15 வயதாவதற்குள் ஒரு கார் 12 முறை சோதனையைப் பார்த்துவிடும். முதல் சோதனையை 4-ம் ஆண்டுக்குத் தள்ளலாமா என்று அந்த அரசு இரண்டு முறை மக்களிடம் கருத்துக் கேட்டது. இரண்டு முறையும் பழைய விதியே தொடரட்டும் என்று முடிவானது.

சிங்கப்பூர்: முதல் 3 ஆண்டுகள் சோதனை இல்லை. 3 முதல் 10 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை. 10 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். அங்கே உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

ஜப்பான்: புதுக் காருக்கு 3 ஆண்டில் முதல் சோதனை, பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை.

ஐரோப்பிய ஒன்றியம்: குறைந்தபட்ச விதி, 4-ம் ஆண்டில் முதல் சோதனை, பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. எந்த நாடும் இதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம். 10 வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை வேண்டும் என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் ஒரு முன்மொழிவு வைத்தது.

அமெரிக்காவின் டெக்சாஸ்: இது நேர் எதிர்த் திசை. சொந்த வாகனங்களுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையை 2025 ஜனவரி 1 முதல் அந்த மாநிலம் கைவிட்டுவிட்டது. பெரிய நகரங்கள் உள்ள மாவட்டங்களில் புகைப் பரிசோதனை மட்டும் தொடர்கிறது. ஒரு வேடிக்கை: சோதனை போய்விட்டது, அதற்கான ஏழரை டாலர் கட்டணம் மட்டும் வேறு பெயரில் தொடர்கிறது!

'அடிக்கடி வேண்டும்' என்பவர்கள் சொல்வது

முதல் காரணம், தேய்மானம் சொல்லிக்கொண்டு வராது. பிரேக் ஒரே நாளில் போவதில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். பெடலை இன்னும் கொஞ்சம் ஆழமாக மிதிக்கப் பழகிய கால், பிரேக்கில் கோளாறு இருப்பதையே மறந்துவிடும். வெளி ஆள் ஒருவர் மிதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, நம் ஊர்த் தட்பவெப்பம். கடலோர மாவட்டங்களில் உப்புக் காற்று அடிப்பகுதியை அரித்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல பழுது பார்க்கப்பட்டு, கைமாறி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். மேலே பாலிஷ் போட்டாச்சு. உள்ளே வயரிங்கும் பிரேக் குழாயும் எப்படி இருக்கிறது?

மூன்றாவது, பழைய கார் வாங்குகிறவர்கள். பிரிட்டனில் ஒரு காரின் பதிவு எண்ணைப் போட்டால் அது எந்த ஆண்டு எதனால் தேறாமல் போனது என்பது வரை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம் ஊரில் 9 வருஷக் காரை வாங்குகிறவருக்கு அப்படி ஒரு வரலாறே கிடையாது. விற்பவர் வார்த்தை, தெரிந்த மெக்கானிக் ஒருவரின் கண், அவ்வளவுதான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் முதல் கார் வாங்கும் குடும்பம் இந்த இருட்டில்தான் கை விடுகிறது.

'வேண்டாம்' என்பவர்கள் சொல்வது

இவர்கள் வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். மத்திய அரசின் அறிக்கைப்படி இந்த மரணங்களில் பத்துக்கு ஏழு அதிவேகத்தால் நேர்ந்தவை. 'அப்படியிருக்க, வண்டியைச் சோதிப்பதில் செலவழிக்கும் காசையும் ஆளையும் வேகக் கட்டுப்பாட்டில் போட்டால் கூடுதல் உயிர்கள் பிழைக்குமே' என்பது இவர்கள் கேள்வி.

இதற்கு மறுதரப்பின் பதிலும் கவனிக்க வேண்டியது. விபத்து நடந்ததும் முதலில் எழுதப்படுவது வேகம்தான். நசுங்கிப்போன காரின் டயர் எவ்வளவு தேய்ந்திருந்தது, பிரேக் எத்தனை சதவீதம் பிடித்தது என்று ஒவ்வொரு வழக்கிலும் கழற்றிப் பார்ப்பது நடக்காத காரியம். அதனால் வண்டிக் கோளாறின் பங்கு கணக்கில் குறைவாகவே தெரியும்.

அடுத்தது ஆள்பலம். தமிழ்நாட்டில் பதிவான வாகனங்கள் 3 கோடியைத் தாண்டும். பெரும்பாலானவை டூவீலர்கள். இவை எல்லாவற்றையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால் எத்தனை மோட்டார் வாகன ஆய்வாளர்கள் வேண்டும்? எத்தனை சோதனை மையங்கள் வேண்டும்? வசதி இல்லாமல் விதியை மட்டும் கொண்டுவந்தால், சோதனை ஒரு முத்திரை குத்தும் சடங்காக முடிந்துவிடும்.

மூன்றாவது செலவு. 2022 ஏப்ரல் முதல் 15 வயது கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது, டூவீலருக்கு ரூ.300-லிருந்து ரூ.1,000. 20 வயதைத் தாண்டினால் காருக்கு ரூ.10,000, டூவீலருக்கு ரூ.2,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பழைய ஆம்னியில் காய்கறி ஏற்றிப் பிழைக்கிறவருக்கும், பழைய மொபெட்டில் பால் ஊற்றுகிறவருக்கும் சோதனை நாள் என்பது ஒரு நாள் வருமானம் போகும் நாள். தேறாவிட்டால் பழுது பார்க்கும் செலவு தனி.

எத்தனை முறை என்பதோடு எப்படி என்பதும்

2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே நடந்ததை இன்றும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து 2-ம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தார். அந்தப் பேருந்து நடப்பில் உள்ள எஃப்.சி.யுடன்தான் ஓடிக்கொண்டிருந்தது. உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. பள்ளி வாகனங்களுக்கென்றே தனிச் சிறப்பு விதிகளை அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. இப்போது ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், பள்ளி திறப்பதற்கு முன், போக்குவரத்து, காவல், வருவாய், கல்வித் துறை அலுவலர்கள் சேர்ந்து மைதானத்தில் பள்ளி வாகனங்களை நிறுத்தி வரிசையாகப் பார்க்கிறார்கள். தரைப் பலகை, அவசர வழி, படிக்கட்டு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என ஒவ்வொன்றும் பார்க்கப்படுகிறது.

எஃப்.சி. என்பது ஒரு நாள் நிலவரம். அந்த நாளில் ஒழுங்காகப் பார்க்காவிட்டால், எத்தனை முறை பார்த்தும் பயன் இல்லை. இதற்காகத்தான் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021 செப்டம்பரில் வெளியிட்டது. அங்கே உருளைகள் மேல் சக்கரத்தை நிறுத்தி, பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது, இடது வலது சக்கரங்கள் ஒரே அளவில் பிடிக்கின்றனவா என்று இயந்திரமே அளந்து எண்ணாகக் காட்டும். முகப்பு விளக்கின் கோணம், சஸ்பென்ஷன், வேகமானி, புகை என்று மற்றவையும் கருவியில் அளக்கப்படும். 'பார்க்க நல்லாத்தான் இருக்கு' என்ற பேச்சுக்கு அங்கே வேலை குறைவு.

இரண்டு தரப்பு வாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொது வழி தெரிகிறது. புதுக் காரை அடிக்கடி சோதிப்பதில் பெரிய லாபம் இல்லை. வயது ஏற ஏற இடைவெளி குறைய வேண்டும். சிங்கப்பூர் செய்வது இதுதான், ஐரோப்பிய ஆணையம் கேட்பதும் இதுதான். நம் நாட்டில் 2018-ல் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் வந்த '8 வயது' விதியும் இதே கணக்கில் வந்ததுதான். சொந்தக் காருக்கு மட்டும் 15 ஆண்டுகள் ஒரே இடைவெளியாக நிற்கிறது. அதை மாற்றுவதா, எப்போது மாற்றுவது என்பது மத்திய அரசின் விதிகளைப் பொறுத்தது. அதுவரை உங்கள் காருக்கு நீங்கள்தான் ஆய்வாளர்.

சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது

15 ஆண்டுகள் சோதனை இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபத்தான கோளாறு இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனம் இருந்தாலே தெரிந்திருக்கும் என்ற நிலையிலோ வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் ரூ.1,500 வரை அபராதம். அந்தக் கோளாறால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 'எனக்குத் தெரியாதுங்க' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை நீங்களே பார்க்க வேண்டியவை

காப்பீடு புதுப்பிக்கும் மாதத்தையே இதற்கும் நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது.

• டயர்: பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடு போல ஒரு தேய்மான அடையாளம் இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். காருக்குக் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்ற காரின் டயரும் வயதாகிக் கெட்டுப்போகும். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

• பிரேக்: மிதித்தால் பெடல் பஞ்சு போல அமுங்குதா? வண்டி ஒரு பக்கமாக இழுக்குதா? கீச்சுச் சத்தம் வருதா? ஒன்று இருந்தாலும் பட்டறைக்குப் போங்கள். பிரேக் பேட், பிரேக் ஆயில் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

• ஸ்டீயரிங், சஸ்பென்ஷன்: ஸ்டீயரிங்கில் ஆட்டம், மேடு பள்ளத்தில் 'டக் டக்' சத்தம் இருந்தால் வண்டியை லிஃப்டில் ஏற்றி டை ராட், பால் ஜாயின்ட் பார்க்க வேண்டும்.

• விளக்குகள்: வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

• சீட் பெல்ட், ஏர்பேக்: பின் இருக்கை பெல்ட் உட்பட எல்லாம் பூட்டுகிறதா என்று பாருங்கள். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால் அலட்சியம் வேண்டாம்.

• அடிப்பகுதி: ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் துருவைப் பாருங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

மெக்கானிக் சொன்னதை ஒரு தாளில் எழுதி வாங்கி, படம் எடுத்து கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் காரை விற்கும்போது அதுவே அந்த வண்டியின் வரலாறு. வாங்குகிறவர் நம்பிக் காசு கொடுப்பார்.

15 வயது நெருங்குகிறதா?

• பதிவு முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிவாகன் தளத்தில் 'பதிவு புதுப்பித்தல்' சேவையைத் தேர்ந்தெடுங்கள். படிவம் எண் 25.

• ஆர்.சி., நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று தயாராக இருக்க வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டியிருக்கும். கட்டண அளவு மாறக்கூடியது. விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டும் தொகையே சரியானது.

• தாமதித்தால் காருக்கு மாதம் ரூ.500, டூவீலருக்கு ரூ.300 கூடுதல். பதிவு முடிந்த வண்டியை ஓட்டினால் அபராதம் உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீடு கோருவதிலும் சிக்கல் வரும்.

• வண்டியை எங்கே காட்ட வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலா, தானியங்கி நிலையத்திலா என்பதை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

• சோதனைக்கு ஒரு மாதம் முன்பே பட்டறையில் காட்டி, மேலே சொன்ன பட்டியலை முடித்துவிடுங்கள். தேறாமல் திரும்பி வந்து மறுபடி அலைவதைவிட இது மிச்சம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்பரிவாகனில் பதிவு எண்ணைப் போட்டு, பதிவு எந்த ஆண்டு வரை, எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 13, 14 வயதான கார் விலை குறைவாகக் கிடைத்தால், சீக்கிரமே புதுப்பித்தல் கட்டணமும் பழுதுச் செலவும் உங்கள் தலையில்தான் விழும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். செயலி சொல்லாததை வண்டியின் அடிப்பகுதி சொல்லும். முன்பணம் கொடுப்பதற்கு முன் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், வேறு கார் பாருங்கள்.